நாங்கள் உங்களை மறக்கவில்லை

போர் முடிந்த வருஷம் எனக்கு மட்டக்களப்பு நகரில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு மாடிக் கட்டடத்தின் பின்னறை. அங்கே ஒரு கணினி, அதோடு பொருத்திய சிம், இரண்டு கைபேசிகள், கழுத்து ஒடிந்த ஒரு மேசை விசிறி. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் இளம் ஆட்கள் எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். அது கணினித் திரையில் வந்து விழும். நானும் என்னோடு வேலை செய்த இன்னொருத்தியும் பதில் எழுதுவோம். பேச வேண்டும் என்றால் அவர்கள் ஒரு தரம் மணியடிக்க விட்டுக் கட் பண்ணுவார்கள், நாங்கள் திருப்பிக் கோல் எடுப்போம். அந்த நாளில் யாருடைய போனிலும் பலன்ஸ் இருப்பதில்லை. மிஸ்ட் கோல்தான் எங்கள் பக்கத்துத் தபால்.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சுனாமி வந்த பிறகு தெருவுக்கு நாலு பேர் கவுன்சிலிங் செய்தது போதாதென்று இப்போது போனிலும் தொடங்கிவிட்டீர்களா என்று என் பெரியம்மாவின் மகன் கேட்டான். உன்னைப் போன்ற ஆட்களோடு நேரில் பேசிக் களைத்துப்போய்த்தான் போனுக்கு மாறினோம் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வேலையில் அந்த வாயைக் கட்டிப்போடத்தான் பெரும் பாடுபட்டேன்.

எழுதியவர்களில் ஒருத்தி படுவான்கரைக்காரி. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஒரு வயற்கிராமம். இருபது வயது. பெயரை நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. சுனாமி வந்த அன்று அவள் பள்ளி விடுமுறைக்குத் தாயோடு, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் பெரியகல்லாற்றில் மாமி வீட்டில் நின்றிருக்கிறாள். தண்ணீரில் தாயின் கை நழுவிவிட்டது. கடலைப் பார்க்கவே மாட்டேன், அதை எப்போதும் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நிற்பேன் என்று எனக்கு ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு, சண்டை படுவான்கரைக்கு வந்த காலத்தில், ஒரு மாலை அவளுடைய அண்ணனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கோல் வந்தது. சந்தியில் நின்று பேசிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. கூப்பிட்டது யார் என்று ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மிஞ்சியது அவளும் தகப்பனும் ஒரு கைபேசியும்தான்.

கையைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அண்ணன் போன பிறகு தொடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃப் தற்செயலாக அவள் கையைக் கண்டிருக்கிறார். கூச்சல் போடாமல் மருந்து கட்டிவிட்டு, எங்கள் நம்பரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த மனுசி எங்களுக்கு அனுப்பியதுபோல் வேறு எவரும் ஆள் அனுப்பியதில்லை.

கைபேசி பகலில் தகப்பனின் சட்டைப் பையில் வயல் வட்டைக்குப் போய்விடும். மாலையில்தான் அவள் கைக்கு வரும். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் எனக்கு எழுதிவிட்டு, எழுதியதையும் வந்ததையும் அழித்துவிடுவாள். எங்களிடம் இருந்த கைபேசிகளில் அப்போது தமிழ் எழுத்து வராது, தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். பெரும்பாலும் நாங்கள் காயத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கோழி அடைகாக்கிறது, இன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, இப்படியான கதைதான். சில நாள் அவள் எழுதுவது ஒரு வரி மட்டும். இண்டைக்கு ஒண்டும் செய்யல்ல. நாளைக்கும் எழுதுங்க என்று நான் பதில் போடுவேன். அந்த ஒரு வரிக்காக மாலை முழுவதும் அந்த விசிறிக்கு முன்னால் இருப்பேன். ஒருமுறை மட்டும் அவள் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவுக்கு இது தெரிஞ்சா நான் இருக்க மாட்டன்.

அந்த நேரம் பார்த்து கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு வாரம் எழுதாமல் விட்டால் கணினி தானாகவே ஒரு செய்தி அனுப்பும். 'நாங்கள் உங்களை மறக்கவில்லை. உங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.' அவ்வளவுதான். அனுப்பியது யார் என்று அதில் இருக்காது. வீட்டார் கண்ணில் பட்டால் பிள்ளைக்குச் சங்கடம் வரும் என்று வேண்டுமென்றே பெயரை விட்டிருந்தார்கள். வங்கியிலிருந்து வரும் கடிதம் மாதிரி இருக்கிறது என்று நான் மூக்கைச் சுழித்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெரியாத நம்பர் அடித்தால் வீட்டோடு அடங்கிப்போகும் ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிறுபோக வேளாண்மை வெட்டு, நெல் அறுவடைக் காலம், வந்தது. வெட்டுக்காரருக்குச் சமைத்துப் போடுவதில் அவளுக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. கணினி தன் கடமையைச் செய்தது.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செய்தி போய்ச் சேர்ந்தபோது கைபேசி வயலில், தகப்பனின் சட்டைப் பையில் இருந்தது. அவருக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. நெற்கதிரைச் சூடடிக்கும் மெசின்காரனிடம் கொடுத்திருக்கிறார். அவன் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டு அவசரமாகப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு மெசினுக்குப் போய்விட்டான். மகனை அழைத்துப்போன ஆட்கள், பெயர் போடாமல், மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருப்பது மகள். அந்த மனிதன் அதை வேறு எப்படி எடுத்திருக்க முடியும்?

ஆனாலும் யார் என்று அறிய வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்கும் பலன்ஸ் இல்லை. ஆகவே எங்களுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தார்.

என் மேசையில் அவளுடைய நம்பர் மின்னியது. அவள் பகலில் எடுக்கும் வழக்கமே இல்லை. திருப்பி எடுத்தேன். ஆண் குரல் ஹலோ என்றது. வேறு ஆள் பேசினால் ரோங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட வேண்டும், அதுவும் விதி. சொன்னேன், வைத்தேன். உடனே இன்னொரு மிஸ்ட் கோல். அவள்தான் எப்படியோ போனைப் பறித்து அடிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பவும் எடுத்தேன். அதே குரல். இந்த முறை ஹலோ சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நானும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை நானாக எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவு செய்த பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

அவருக்கு விளங்கியது ஒன்று, எனக்கு விளங்கியது வேறொன்று. தகப்பனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, போனை உடைத்துவிட்டார், அவளை அடிக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். அவள் எழுதிய அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. நான் இருக்க மாட்டன்.

வீடு தேடிப் போகக் கூடாது என்று கூட வேலை செய்தவள் நினைவூட்டினாள். அவள் சொன்னது சரிதான், அதனாலேயே அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் ஆபத்து என்று பட்டால் மிட்வைஃபுக்குச் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளை முதல் நாளே சம்மதித்திருந்தாள். மிட்வைஃபுக்குக் கோல் எடுத்தேன். அவர் அன்று வேறு பக்கம் கிளினிக்கில் நின்றார், விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் காலை அவர் குரலில் வழக்கமான அமைதி இல்லை.

"புள்ளயக் காணல்ல. தகப்பன் மட்டும் தனிய இரிக்கார். எங்க எண்டு கேட்டா வாயே திறக்கார் இல்ல."

நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மண்முனைத் துறையில் பாதை அக்கரையில் நின்றது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அது அவசரமில்லாமல் ஆறுதலாக ஆளேற்றி, ஆறுதலாகத் திரும்பி, ஆறுதலாக வந்தது. அதை நானே இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். பெயர்கூடத் தெரியாத சொந்தம்.

அக்கரைத் துறையில் மிட்வைஃப் காத்திருந்தார். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போனேன். வீட்டு முற்றத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியபடி கிடந்தன. அவற்றின் பக்கத்தில் மெலிந்த ஒரு மனிதர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் வாய் திறக்க முதல் அவரே பேசினார்.

"மகள் கலியாணம் கட்டிப் போயிட்டாம்மா. வேணுமெண்டா என்னைக் கூட்டிக்கொண்டு போங்க."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் மிட்வைஃபிடம் குனிந்து, உங்களையும் மிரட்டித்தான் கூட்டி வந்தார்களா என்று ரகசியமாகக் கேட்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பருத்திச் சேலையும் கைப்பையுமாக நின்ற நான் அவர் கண்ணுக்கு ஆள் கொண்டுபோக வந்த பெண். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தச் செய்தியை எழுதியவர்மேல், அனுப்பிய இயந்திரத்தின்மேல், மூக்கைச் சுழித்ததோடு விட்ட என்மேல்.

நாங்கள் அந்த ஆட்கள் இல்லை என்றேன். டவுனில் ஒரு ஒபிஸ் இருக்கிறது, பிள்ளைகளுக்கு உதவி செய்கிறோம் என்றேன்.

"ஒபிஸ் எல்லாருக்கும்தான் இரிக்கி," என்றார்.

அது உண்மை. அந்த நாட்களில் ஆள் கடத்தியவர்களும் போர்டு போட்ட ஒபிஸ் வைத்திருந்தார்கள். மிட்வைஃப் எனக்காகச் சத்தியம் செய்யாத குறை. அவரை நம்பினாலும் என்னை நம்ப அந்த மனிதர் ஆயத்தமில்லை. ஒன்று மட்டும் மிட்வைஃபின் காதோடு ஆறுதலாகச் சொன்னார், அது எனக்கும் கேட்டது. கடற்கரைப் பக்கம் சொந்தத்தில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறேன், பத்திரமான இடம், பயப்பட வேண்டாம் என்றார்.

கடற்கரைப் பக்கம் அவர்களுக்கு இருந்தது, அவள் எனக்குச் சொன்னபடி, ஒரே ஒரு சொந்தம், அந்தப் பெரியகல்லாற்று மாமி. தாயின் கை நழுவிய வீட்டு வளவுக்கே அவளைக் கொண்டுபோய்த் தனியாக விட்டிருக்கிறார். கையில் போன் இல்லை, எழுத ஆள் இல்லை, காதில் கடல் இரைச்சல். அந்தப் பாவி மனிதருக்கு அது படுவான்கரையிலிருந்து தூரமான இடம் என்பது மட்டும்தான் தோன்றியிருக்கிறது. மாமியின் நம்பரைக் கேட்டேன். நம்பர் எல்லாம் சிம்மில் இருந்தது, சிம்மை முறித்து வாய்க்காலில் எறிந்தாகிவிட்டது. வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ட மகளோட உங்களுக்கு என்ன கதை? அத முதல்ல சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அதுதான் அவள் என்னிடம் ஒப்படைத்திருந்த ஒரே பொருள். வேறு ஏதாவது பொய் சொல்லலாமா என்று தலையைக் கசக்கிப் பார்த்தேன். தையல் வகுப்பு, வேலைவாய்ப்பு, சங்கம், எதையும் அவர் நம்பப்போவதில்லை. மிட்வைஃப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியகல்லாறு போய் வீடு வீடாகத் தேடினால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் யோசித்தேன். யோசிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் பயம் கூடியது.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் மகள் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள், மனசு தாங்காமல்தான் செய்கிறாள், அது கெட்ட பழக்கம் இல்லை, நோவு, அதைப் பற்றித்தான் எங்களோடு பேசுவாள் என்றேன். உங்களுக்குத் தெரியவந்தால் உயிரோடு இருக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாள், அதனால்தான் அவளை இப்போது தனியாக விடக் கூடாது என்பதையும் சொன்னேன். மிட்வைஃப் ஓம் என்று தலையாட்டினார்.

கையில் இருந்த துவாயை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"இந்த வெயிலுக்குள்ளயும் நீளக்கைச் சட்டைதான் போடுவா. அடக்கமான புள்ள எண்டு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சன், மனே," என்றார். மனே என்பது எங்கள் பக்கத்தில் சொந்தப் பிள்ளையைக் கூப்பிடும் சொல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வேலையில் ஆட்களின் முன்னால் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டவில்லை.

மிட்வைஃப் எங்களைத் துறையில் இறக்கிவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விட்டார். நானும் அவரும் பாதையேறி, அக்கரையில் பெரியகல்லாறு வழியாகப் போகும் கல்முனை பஸ் பிடித்தோம். அவர் என் பக்கத்தில் இருக்கவில்லை, சாரதிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். களுவாஞ்சிக்குடியில் ஆட்கள் இறங்கி இடம் வந்தபோதும் இருக்கவில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் வந்து, எப்பயிருந்து என்று கேட்டார். மகன் போன பிறகு என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பவும் முன்னால் போய் நின்றார். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கும்போது அவர் கால் தரையைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமி வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. சுவரில் கொடுத்தவர்களின் பலகை இன்னும் ஒட்டியிருந்தது. மாமி வாசலிலேயே முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டார். வந்ததிலிருந்து பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை, பாயை அடுப்படிக் குசினிக்குள் இழுத்துப்போட்டுப் படுத்துக்கிடந்தாள், காலையில் எழும்பி வெளியே போனவள் இன்னும் வரவில்லை. எந்தப் பக்கம் என்று தெரியாது.

தகப்பன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலை நோக்கி ஓடினார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் அவருக்குப் பின்னால் நாலடி ஓடினேன். பிறகு நின்றேன். கடலை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்கிறவள் கடலுக்குப் போயிருக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. அது பிழையாகிப்போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பி, றோட்டைக் கடந்து, வாவிப் பக்கம் ஓடினேன்.

கரையில் கவிழ்த்துப்போட்ட தோணி ஒன்றின் நிழலில் ஒரு பெண் இருந்தாள். நீளக்கைச் சட்டை. இடது கைப் பக்கம் துணியில் காய்ந்த கறை. வாவியைப் பார்த்தபடி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"புள்ள, நான்தான்," என்றேன்.

குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படியே மலர்ந்துபோனது. எப்படி வந்தீங்க மிஸ் என்று எழும்பப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தேன். உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், வேறு ஒன்றும் எனக்கு அப்போது தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் தகப்பன் வந்து சேர்ந்தார். மூச்சு இரைத்தது, சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அவளும் அவர் பார்ப்பதைக் கண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"சொல்லிப்போட்டீங்களா?"

ஓம் என்றேன்.

"உங்களுக்கிட்ட மட்டும்தான் நான் சொன்னன்."

தகப்பன் எங்களிலிருந்து சற்றுத் தள்ளி நிலத்தில் இருந்தார். வாவியைப் பார்த்துக்கொண்டு, நீ எனக்குப் பயந்து போயிட்டாய் எண்டு கடலுக்குள்ள இறங்கித் தேடினன் மனே என்றார். அவள் மெல்ல மெல்ல அவர் பக்கமாக நகர்ந்து இருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கைக் காயத்தைப் பார்த்த பிறகு மனநலப் பகுதியில் ஒரு டொக்டர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இருத்திப் பேசினார். அதற்குப் பிறகு கிளினிக் நாள் ஒன்றையும் தகப்பன் தவறவிடவில்லை என்று மிட்வைஃப் சொன்னார். தானாகப் போகும் அந்தச் செய்தியை நிறுத்தச் சொல்லி நான் கொழும்போடு சண்டை பிடித்தேன். அன்பான செய்திதானே, அதில் என்ன பிழை என்று அவர்கள் கேட்டார்கள். அன்பான செய்திதான், படுவான்கரையில் இருந்து வாசித்துப் பாருங்கள் என்றேன். இரண்டு கூட்டம் வைத்துத்தான் நிறுத்தினார்கள்.

சில மாதம் கழித்துத் திரையில் ஒரு புதிய நம்பரிலிருந்து செய்தி வந்தது. நான் கனகாலம் எழுதல்ல, இண்டைக்குத்தான் திரும்ப எழுதுறன் என்று இருந்தது. அவள்தான் என்று எழுதிய விதத்தைப் பார்த்ததுமே அறிந்துகொண்டேன். தட்டச்சுப் பலகையில் கை வைக்க முதல் அடுத்த வரி வந்தது. அந்த மிஸ் வேண்டாம், மற்ற மிஸ்ஸோடதான் பேசுவன், அந்த மிஸ் அறையில இரிக்கவும் கூடாது.

எனக்கு அது வலித்தது. அன்றைக்கு அந்த முற்றத்தில் நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும், திரும்பவும் அந்த முற்றத்தில் நின்றால் அதையேதான் செய்வேன். ஆனாலும் வலித்தது. கதிரையை மற்றவளிடம் கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போய் நின்றேன். அவள் கேட்டது நியாயம், அதற்கு மேல் அவளோடு நான் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை.

அந்த வேலையை விடும்வரை அது எங்கள் வழக்கமாக இருந்தது. அவளுடைய நம்பர் திரையில் வந்தால் மற்றவள் என்னைப் பார்த்துத் தலையசைப்பாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என்ன எழுதினாள் என்று நான் கேட்பதில்லை, மற்றவள் சொல்வதுமில்லை. எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், அந்தப் பிள்ளை இன்றைக்கும் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு போனேன்.